கட்டம் தவறிய பேச்சு

மருத்துவமனையின் மனநலப் பிரிவில் எல்லோரும் அவரைப் "பேச்சு மேடம்" என்றுதான் சொன்னார்கள். டாக்டர் மாத்திரை எழுதுவார், நர்ஸ் ஊசி போடுவார், இவர் மட்டும் எதிரில் நாற்காலியைப் போட்டுப் பேசிக்கொண்டிருப்பார். இதற்கும் ஒரு சம்பளமா என்று வார்டு ஆட்களுக்குத் தீராத ஆச்சரியம். உண்மையில் மேடம் பேசுவது கொஞ்சம்தான். கேட்பதுதான் வேலை. அதற்காகக் "கேட்பு மேடம்" என்றா கூப்பிட முடியும்?

அவரிடம் வந்து போனவர்களில் டிரைவர் ஒருவர்தான் கேட்பதற்கு எதுவுமே தராதவர். டவுன் பஸ் ஓட்டியவர். ஒருநாள் டூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தார், செருப்பைக் கழற்றினார், படுத்தார். அதோடு சரி. மாத்திரைகளை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். டிரைவர் கூடவும் இல்லை குறையவும் இல்லை. எதைக் கேட்டாலும் "சரிங்க மேடம்" என்பார். "ராத்திரி தூக்கம் வருதா?" என்றாலும் அதே பதில்தான்.

"ஒண்ணுமே நடக்கல மேடம்" என்பார் டிரைவரின் மனைவி, வாரம் தவறாமல் அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து. "சண்டை கிடையாது, வம்பு கிடையாது. யாராவது செத்திருந்தாலாவது இன்னாரை நினைச்சு இப்படி இருக்காருன்னு நாலு பேர்கிட்டச் சொல்லிக்கலாம். ஒரு காரணமும் இல்லாம ஒரு மனுஷன் சுவரையே பார்த்துக்கிட்டிருந்தா நான் என்னன்னு சொல்லுவேன்?"

மேடம் துறைத்தலைவரிடம் போய் நின்றார். அவர் நல்ல மனிதர். கையெழுத்துப் போட்டுக்கொண்டே காது கொடுப்பார்.

"கீட்டமின்னு ஒண்ணு இருக்கு, தெரியுமில்ல? ஆபரேஷன் தியேட்டர்ல மயக்கத்துக்குப் போடறதுதான். அளவா கொடுத்து, பக்கத்துல ஒருத்தர் உட்கார்ந்து பார்த்துக்கிட்டா, இறுகிப்போனவங்ககூட இளகி வந்து பேசறாங்கன்னு சொல்றாங்க. மருந்துக்கு நான் ஏற்பாடு பண்றேன். பக்கத்துல உட்காரத்தான் ஆள் இல்ல."

"நான்தான் சார் தினமும் பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டிருக்கேனே?"

"அது சும்மா உட்கார்றதும்மா. இது சான்றிதழோட உட்கார்றது. அதுக்குன்னு ஒரு நிலையம் இருக்கு. போய்ட்டு வந்துடுங்க."

அப்படித்தான் பேச்சு மேடம் மனப்பயணப் பயிற்சி நிலையத்தில் சேர்ந்தார்.

கண்ணாடிக் கதவும் உள்ளே பன்னீர் வாசனையுமாக ஒரு கட்டடம். வாசலில் செருப்போடு கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கச் சொன்னார்கள். காலம் என்பது ஒரு மயக்கம் என்று எழுதிய பலகைக்குக் கீழேயே, தாமதமாக வருவோருக்கு அனுமதி இல்லை என்று இன்னொரு பலகை. உரிமம் பெற்ற மருத்துவத் துறையினருக்கு மட்டும் என்று விதி இருந்ததால் உரிமம் உள்ள எல்லோரும் வந்திருந்தார்கள். மேடத்துக்கு ஜோடியாக ஒரு பல் டாக்டரைப் போட்டார்கள்.

"நீங்க எப்படி சார் இதுல?" என்றார் மேடம் மெதுவாக.

"என்கிட்ட வர்றவங்க வாயைத் திறக்கவே பயப்படறாங்க மேடம். இங்க பேசாதவனைப் பேச வைப்பாங்கன்னு போட்டிருந்தது. வாயைத் திறந்தாப் போதும், மீதியை நான் பார்த்துக்குவேன்."

இயக்குநர் வந்தார். வெள்ளை உடை, வெள்ளைத் தாடி, சட்டைப் பையில் மட்டும் ஒரு கறுப்புக் கண்மறைப்புத் துணி பதக்கம் போலத் தொங்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வகுப்பைத் தொடங்கினார். தலைப்பு: மௌனம்.

"அன்பர்களே! மருந்து கதவைத் திறக்கிறது. நாம் கதவோரம் நிற்கிறோம். அவ்வளவே நம் பணி. நாம் பேசக்கூடாது. ஏன் பேசக்கூடாது என்பதை இப்போது சற்று விரிவாகப் பேசுகிறேன்" என்றார்.

சற்று என்றது மதியச் சாப்பாட்டைத் தாண்டிப் போனது. மௌனத்தின் வகைகள், மௌனத்தின் கிளைகள், தன் சொந்த மௌனத்தால் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் தான் பெற்ற கைதட்டல் என்று அவர் விவரித்துக்கொண்டே போனார். கழிப்பறைக்குப் போகக் கை தூக்கிய ஒரு நர்ஸை நோக்கி, "அந்த உந்துதலோடு உட்கார்ந்திருங்கள், அது உங்களிடம் என்ன சொல்கிறது என்று கேளுங்கள்" என்றார். அது என்ன சொன்னதென்று அந்த அறையில் எல்லோருக்குமே தெரிந்திருந்தது.

மறுநாளிலிருந்து செய்முறை. அதை நடத்தியவர் மூத்த வழிகாட்டி அம்மாள். குழந்தையைத் தூங்க வைக்கிற குரலில்தான் எதையும் சொல்வார். "உங்க கட்டணம் இன்னும் வரலையேம்மா" என்பதைக்கூட அதே குரலில் சொன்னதால் பல் டாக்டர் அவருக்குத் "தாலாட்டு" என்று பெயர் வைத்துவிட்டார். கண்மறைப்பைக் கட்டக் கற்பதற்கே ஒரு வாரம் ஆயிற்று. போர்வையை நோயாளியின் மேல் போர்த்துவது தவறு; போர்வை தானாக வந்து படிந்ததாக அவருக்குத் தோன்ற வேண்டும். டிஷ்யூ டப்பாவை அவர் பக்கம் தள்ளக்கூடாது, தள்ளினால் அழச் சொல்லி வற்புறுத்தியதாகும். தூரத்தில் வைக்கவும் கூடாது, வைத்தால் அழுகையைத் தடுத்ததாகும். டப்பா அங்கே இருக்கிறது என்ற உணர்வு மட்டும் அறையில் பரவ வேண்டும். பேச்சு மேடம் அந்தத் தேர்வில் இரண்டு முறை தவறினார். அவர் வைத்த டப்பாவில் எதிர்பார்ப்பு தெரிந்ததாம்.

எல்லாவற்றிலும் பெரிய பாடம் வெண்கல மணி. சிகிச்சைக்கு மூன்று கட்டங்கள்: ஆயத்தம், பயணம், ஒருங்கிணைப்பு. ஒவ்வொரு கட்டத்தின் எல்லையையும் மணி காக்க வேண்டும். நோயாளி பேச வேண்டியது மூன்றாம் கட்டத்தில். ஆயத்தத்திலேயே வாய் திறந்தால் அது முதிராத பேச்சு. உடனே மணியடித்து நிறுத்திவிட வேண்டும். யோசித்து அடிக்கக் கூடாது. காதில் பேச்சு விழுந்ததும் கை அடித்துவிட வேண்டும். இதற்காகத் தாலாட்டு தினமும் காலையில் ஆளாளுக்கு மணியைக் கொடுத்து, திடீர் திடீரென்று முதுகுக்குப் பின்னால் வந்து "எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்பார். டங்! "எங்கம்மாவைப் பத்தி…" டங்! வீட்டில் ஒருநாள் கணவர், "உன்கிட்ட ஒண்ணு சொல்லணும், காஸ் தீர்ந்துபோச்சு" என்றபோது மேடத்தின் வலக்கை காற்றில் தானாக ஆடி நின்றது. கணவர் கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துவிட்டு, காஸுக்குத் தானே போன் செய்தார்.

பயணப் பயிற்சியில் மருந்து கிடையாது. மருந்துக் குப்பி இயக்குநர் அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணியின் மேல் விளக்கு வெளிச்சத்தில் இருந்தது. அதை அங்கிருந்து எடுத்ததாக யாருக்கும் நினைவில்லை. ஆகவே ஜோடியில் ஒருவர் நோயாளியாகப் படுத்து, மருந்து ஏறிய மாதிரி அனுபவம் பெற வேண்டும். பல் டாக்டர் படுத்தார்.

"என்ன தெரியுது?" என்றது தாலாட்டு.

"இருட்டா இருக்குங்க."

"இன்னும் ஆழமாப் போங்க."

"இன்னும் இருட்டா இருக்கு… ஒரு கடைவாய்ப் பல்லு மாதிரி…"

அனுபவம் போதாது என்று அவரை ஃபெயிலாக்கினார்கள். அடுத்த முறை விவரமாகிவிட்டார். பிரபஞ்சத்தைப் பார்த்தார், அதில் கரைந்தார், தேம்பித் தேம்பி அழுதார். முதல் வகுப்பில் தேறினார். வெளியே வந்து டீயைக் குடித்துக்கொண்டே, "ஒரே ஒரு சந்தேகம் மேடம். இவங்க நோயாளிகளைப் பார்த்திருக்காங்களா?" என்றார்.

அந்தச் சந்தேகத்தைப் பேச்சு மேடம் வகுப்பிலேயே எழுந்து கேட்டுவிட்டார். ஒவ்வொரு வாரமும் டிரைவரின் மனைவி அவர் அறை வாசலில் நின்று "எப்போ மேடம்?" என்று கேட்டார், மேடமும் "இதோ முடிஞ்சிடும்மா" என்று சொல்லிச் சொல்லி, அந்த அம்மாளின் முகத்தைப் பார்க்கவே கூசுகிற நிலைக்கு வந்திருந்தார்.

"சார், நோயாளியை எப்ப சார் பார்ப்போம்?"

இயக்குநர் வருத்தத்தோடு புன்னகைத்தார்.

"நல்ல கேள்வி. நல்ல கேள்விகளில் ஓர் அவசரம் இருக்கிறது. நோயாளி நான்காம் நிலை. மூன்று நிலைகளைக் கடந்தவர் முதலில் பயிற்சியாளர் ஆகிறார். பயிற்சியாளர், பயிற்சியாளர்களைப் பயிற்றுவிக்கும் பயிற்சியாளர் ஆகிறார். அதன் பிறகும் நோயாளியைக் காண வேண்டும் என்ற ஆசை ஒருவரிடம் எஞ்சியிருந்தால், அது குறித்து அவரோடு பேசுவோம். இந்த நிலையம் தொடங்கிய நாள் முதல் நம்மால் ஒரு நோயாளிக்குக்கூடத் தீங்கு நேர்ந்ததில்லை. இப்படி நெஞ்சில் கைவைத்துச் சொல்ல எத்தனை மருத்துவமனைகளால் முடியும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். பேச்சு மேடமும் தட்டினார். தட்டாமல் இருந்தால் அதையும் எதிர்ப்புணர்வு என்று குறித்துக்கொள்வார்கள்.

நிலைமையை மாற்றியது நிதி கொடுக்கும் குழு. சான்றிதழ் விழாவுக்கு வருவதாகச் சொன்ன அவர்கள், போகிற போக்கில், குணமான நோயாளி ஒருவரையும் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார்கள். நிலையம் கதிகலங்கிப் போனது. தாலாட்டின் குரல் முதல்முறையாகச் சாதாரணக் குரலாகிவிட்டது. "யார்கிட்டயாவது ஒரு நோயாளி இருக்காங்களா? நிஜமான நோயாளி?"

பேச்சு மேடம் கையைத் தூக்கினார். அப்போது அவர் மனத்தில் டிரைவரின் மனைவி முகம் மட்டும்தான் இருந்தது. எப்படியோ மருந்து கிடைத்துவிடும், பக்கத்தில் தான் இருப்போம், அது போதும் என்று நினைத்தார்.

விழாவன்று ஊசிக்காக டிரைவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்திருந்தார். மேடையில் ஒரு கட்டில், ஒரு போர்வை, வெண்கல மணி, டப்பாவின் இருப்புணர்வு, எல்லாம் தயார். மயக்க மருந்து டாக்டரும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார். வரவேற்புரை, வாழ்த்துரை, நிலையத்தின் வரலாறு, அந்த வரலாற்றைத் தொகுத்தவருக்கு நன்றி. மயக்க மருந்து டாக்டர் இரண்டு முறை கடிகாரம் இல்லாத மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். அப்புறம் எழுந்து, "எனக்கு ஆபரேஷன் இருக்கு சார்" என்று போயே போய்விட்டார். கண்ணாடிப் பெட்டியின் சாவியும் சரியாகப் பொருந்தவில்லை.

இயக்குநர் அசரவில்லை. ஒலிபெருக்கியை வாய்க்கு அருகே இழுத்தார். "மருந்து ஒரு சாக்குதான் அன்பர்களே! மருந்தே இல்லாமல் மருந்து சிகிச்சை. இதுவே இந்த நிலையத்தின் உச்சம். இன்று அதன் முதல் கட்டத்தை, ஆயத்தத்தை மட்டும் காண்பீர்கள்."

பேச்சு மேடம் கட்டிலருகே உட்கார்ந்தார். டிரைவரின் கண்ணை மறைத்தார். ஒரு வாரம் கற்ற கட்டு, நன்றாகவே படிந்தது. விளக்கை அணைத்தார்கள். மெல்லிய இசை. டிரைவரின் மார்பு மேலும் கீழும் ஏறி இறங்குவதையே மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கை போர்வைக்கு வெளியே எதையோ தேடியது. மேடம் தன் இடக்கையை அருகில் வைத்தார். டிரைவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"மேடம்" என்றார்.

"இங்கதான் இருக்கேன்."

"அன்னைக்கு… பாலத்து மேல போறப்ப மேடம்… ஒண்ணுமில்ல, நல்ல வெயில். பஸ் நிறைய ஜனம். ஸ்கூல் புள்ளைங்க ஒரே சத்தம். என் கை… நான் நினைக்கவே இல்ல மேடம். என் கை தன்னால ஸ்டியரிங்கை அந்தப் பக்கமா…"

டங்!

முதலில் சத்தம் எங்கிருந்து வந்தது என்றே மேடத்துக்குத் தெரியவில்லை. பிறகு தன் வலக்கையில் மணி அதிர்ந்துகொண்டிருப்பதைப் பார்த்தார். டிரைவர் வாயை மூடிக்கொண்டார். கையை மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

"சரிங்க மேடம்" என்றார்.

மண்டபம் அதிரக் கைதட்டல். நிதிக்குழுத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு துல்லியமான மணியைத் தன் அனுபவத்திலேயே கேட்டதில்லை என்றது தாலாட்டு. மேடத்துக்குச் சிறப்புத் தகுதியோடு சான்றிதழ் கிடைத்தது. சான்றிதழோடு மேடத்தைப் பக்கத்தில் நிறுத்தி, டிரைவரின் தோளில் கை போட்டு இயக்குநர் எடுத்துக்கொண்ட படம் அன்றே நிலையத்தின் இணையப் பக்கத்தில் வந்தது: "நம் முதல் வெற்றி."

மேடம் இயக்குநரைத் தனியாகப் பிடித்தார். "சார், அவர் என்ன சொன்னார்னு கேட்டீங்களா? பஸ்ஸைப் பாலத்துலேர்ந்து… அதை அவர் சொல்லி முடிச்சாகணும் சார். நான் நிறுத்தியிருக்கக் கூடாது."

"கட்டம் தவறி வந்த பேச்சு, பேச்சே அல்லம்மா. அது பதிவில் ஏறாது. உங்களுக்குள் இன்னும் கேட்கும் பழக்கம் இருக்கிறது. அடுத்த பயிற்சியில் அதைக் களைந்துவிடலாம்."

மறுநாள் காலையிலேயே மேடம் டிரைவர் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்த மனைவியின் முகத்தில் வெளிச்சம்.

"மேடம்! உங்க புண்ணியத்துல மனுஷன் எழுந்துட்டார். தானா குளிச்சார். ஷேவ் பண்ணிக்கிட்டார். டிப்போவுக்குப் போய் டூட்டி கேட்கப் போறாராம்!"

டிரைவர் சலவைச் சட்டையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எழுந்து நின்றார்.

"நேத்து ஏதோ உளறிட்டேன் மேடம். அவ்வளவு பெரிய மனுஷங்க முன்னால. மனசுல வெச்சுக்காதீங்க. நீங்க மணியடிச்சது நல்லதாப் போச்சு."

"இல்ல, நீங்க சொல்லுங்க. பாலத்து மேல…"

"எந்தப் பாலம் மேடம்?" என்றார் டிரைவர், மிகுந்த மரியாதையோடு.

மேடம் மனைவியைத் தனியே கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். அந்த அம்மாள் கேட்டார், கும்பிட்டார். "சுவரைப் பார்த்துக்கிட்டிருந்தவர் இப்பத்தான் மேடம் திரும்பி என் மூஞ்சியைப் பார்க்கிறார். இனிமே எதையும் கிளறாதீங்க."

மேடம் சொன்னதைத் துறைத்தலைவர் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டே கேட்டார். டிரைவர் இப்போதைக்கு வேலைக்கு ஏற்றவர் அல்ல என்று எழுதியும் கொடுத்தார். டிப்போ மருத்துவ அதிகாரி அதை ஓரமாக வைத்துவிட்டுப் போனை நீட்டினார். "உங்க படம்தானே மேடம் இது? சான்றிதழ் வாங்கறீங்க, பக்கத்துல அவர் சிரிக்கிறார். குணமாயிட்டார்னு ஊருக்கே சொல்லிட்டு என்கிட்ட வந்து குணமாகலைங்கறீங்க. நான் எதை நம்பறது? அதோட எனக்கு டிரைவர் பற்றாக்குறை வேற. அவர் ஒரு ஆக்ஸிடென்ட்டாவது பண்ணியிருக்காரா, சொல்லுங்க?"

இல்லைதான். ஒன்றுகூட இல்லை.

நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. அடுத்த அணிக்கு அவர் பயிற்சியாளர். மணி வகுப்பை அவரே எடுக்க வேண்டும். மேடம் போனை அணைத்தார்.

டிரைவர் டூட்டியில் சேர்ந்த முதல் நாள் காலை, பேச்சு மேடம் மருத்துவமனைக்கு லீவு போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றார். என்ன செய்யப் போகிறோம் என்று அவருக்குத் தெரியாது. ஸ்டியரிங்கைப் பிடுங்கவா முடியும்? பஸ் வந்தது. ஏறினார். டிரைவருக்குப் பின்னால் இருந்த முதல் சீட்டில் உட்கார்ந்தார். தலைக்கு நேரே சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக்கூடாது.

"எங்க மேடம் போகணும்?" என்றார் கண்டக்டர்.

"கடைசி ஸ்டாப்."

ஸ்கூல் பிள்ளைகள் ஏறினார்கள். ஒரே சத்தம். பை இடித்தது, தண்ணீர் பாட்டில் உருண்டது. பாலம் வந்தது. நல்ல வெயில். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் ஆறு பளபளத்தது. மேடம் முன் கம்பியைப் பிடித்துக்கொண்டு, டிரைவரின் கைகளை மட்டும் பார்த்தார். விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. பஸ் நேராகப் போயிற்று. இன்னும் நேராக. பாலம் முடிகிற இடத்தில் பின்னால் ஒரு பிள்ளை எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசி நிறுத்தத்தில் மற்ற எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் டீ குடிக்கப் போனார். டிரைவர் என்ஜினை அணைத்தார். கைகளை ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்கவும் இல்லை.

"பயந்துக்கிட்டுத்தானே மேடம் வந்தீங்க?"

மேடத்தின் வலக்கை மடியில் கிடந்தது. அதை இடக்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "ஆமா" என்றார்.

"எனக்கும் பயம்தான்."

வெளியே யாரோ பஸ்ஸைத் தட்டி, "இது திரும்பிப் போகுமா?" என்று கேட்டார்கள். போகும் என்று டிரைவர் தலையை ஆட்டினார். ஜனங்கள் ஏறத் தொடங்கினார்கள். மேடம் இறங்கவில்லை. கண்டக்டர் வந்ததும், திரும்பிப் போவதற்கு ஒரு டிக்கெட் கேட்டார்.